பச்சைப் புள்ளி வீடு திரும்புகிறது

பச்சைப் புள்ளி சயான் லிங்க் ரோட்டிலிருந்து திரும்பி பதின்மூன்றாம் காம்பவுண்டுக்குள் நுழைந்தபோது சஃபீனா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு கையில் கரண்டி. அடுப்பில் நெய்ச்சோறு தம் போட்டிருந்தது. வரைபடம் திறந்திருந்த போனை ஜன்னல் கட்டையில் சாய்த்துவைத்திருந்தாள். மதிய லுஹர் பாங்கு சொல்லி முடித்த கையோடு போனும் டிங்கென்று ஒரு சத்தம் போட்டது. சைக்கிள் வீட்டு வட்டத்துக்குள் வந்துவிட்டது என்பதற்கான சத்தம் அது. இங்கிலீஷில் கூடவே ஒரு வரி வரும். அதை அவள் எழுத்துக்கூட்டிப் படித்ததே இல்லை, சத்தமே போதும்.

"மாமி, ஒங்க மவன் வந்தாச்சு. ஆனா வீட்டுக்கு வரல. பூலோகம் அண்ணாச்சி பங்கார் கோடவுன்ல போயி நிக்கிறாரு."

கட்டிலில் உட்கார்ந்திருந்த மதீனா பீவிக்கு மகன் ஊர் சுற்றுவதில் ஏற்கெனவே கடுப்பு. "காடு மேடெல்லாம் மிதிச்சுட்டு வந்தவனுக்கு அங்க என்ன பஞ்சாயத்து? ஓசி டீ குடிக்கப் போயிருப்பான். போயி இழுத்துட்டு வா, சோறு ஆறிரும்."

சஃபீனா அடுப்பைக் குறைத்துவைத்துவிட்டு, துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினாள். படியிறங்கும்போதே அவனை என்னவெல்லாம் சொல்லிக் கிண்டல் செய்வது என்று யோசித்துக்கொண்டு போனாள்.

இஜாஸ் தோல் பை தைப்பவன். கல்யாணவாடியில் கீழே பட்டறை, மேலே வீடு. நாலு வருஷத்துக்கு முன்னால் செம்பூரிலிருந்து ஷ்ருதி என்றொரு பெண், சைக்கிள் சீட்டுக்குப் பின்னால் மாட்டுகிற மாதிரி ஒரு பை வேண்டும் என்று கேட்டு வந்தாள். வங்கியில் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு மலைப்பக்கம் சைக்கிள் மிதிக்கிற பைத்தியம். இஜாஸ் பையைத் தைத்தான். ஓடும்போது ஆடுகிறதா என்று பார்க்க அவளுடைய சைக்கிளை வாங்கித் தொண்ணூறு அடி ரோட்டில் ஒரு சுற்று ஓட்டினான். அந்த ஒரு சுற்றோடு ஆள் காலி. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று மதீனா பீவி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அதற்கப்புறம் அவனுக்கு ஞாயிறு என்றால் ரோடுதான். விடிவதற்கு வெகு முன்பே சயான் பாலத்தடியில் எல்லாரும் கூடுவார்கள். எந்த வழி போவது என்பதை ஷ்ருதி முதல்நாளே போனில் கோடு போட்டு அனுப்பியிருப்பாள். தானே, கல்யாண், முர்பாட் என்று போய், மலை அடிவாரத்தில் மங்கல்தாயி என்ற மராத்திக்காரியின் டீக்கடையில் அவல் பொகா தின்றுவிட்டுக் கூட்டம் திரும்பிவிடும். இஜாஸ் மட்டும் திரும்ப மாட்டான். டீக்கடைக்குப் பின்னால் மேட்டில் ஏறி, மறுபக்கம் தேக்குக் காட்டுக்குள் இறங்குகிற ஒரு குறுகலான ரோடு உண்டு. ஆற்றை ஒட்டியே போகும். அந்தக் கோட்டை ஷ்ருதி போடவில்லை. அது அவனாகக் கண்டுபிடித்த வழி.

"வண்டிச் சத்தமே கெடையாது சஃபீனா. தார் ரோடு, தேக்கு எல, தண்ணிச் சத்தம். ஆறு ஒரு வளைவுல எடது பக்கம் இருக்கும், அடுத்த வளைவுல பாலத்துக்கு அடியில பூந்து வலது பக்கம் வந்துரும். நம்ம மிசின் சத்தம் காதுக்குள்ள ஓடிட்டே இருக்கும்ல, அது அங்கதான் நிக்கும்" என்பான். அவளையும் ஒருநாள் காரில் கூட்டிப்போவதாகச் சொல்லி மூன்று மழைக்காலம் போய்விட்டது.

புள்ளி சங்கதி இரண்டு வருஷத்துக்கு முந்தியது. கூட்டத்தில் ஒருவனுடைய சைக்கிளை மான்குர்த் சிக்னல் பக்கம் டீ குடிக்கிற நேரத்தில் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாளே இஜாஸ், சிம் போட்ட ஒரு சின்னக் கருவியை வாங்கிவந்தான். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். சீட்டின் அடித்தோலைப் பிரித்து, அதற்குள் கருவியைப் பதித்து, பழைய தையல் துளையிலேயே ஊசியை ஏற்றி மறுபடி தைத்தான். பத்துத் தடவை திருப்பிப் பார்த்தாலும் யாருக்கும் தெரியாது. சைக்கிள் எங்கே போனாலும் சஃபீனாவின் போனில் பச்சைப் புள்ளியாக நகரும்.

"அத ஒங்க சட்டப் பையில போட்டுக்கிட்டா என்ன மச்சான்?" என்று அவள் கேட்டாள்.

"மனுசன் தொலஞ்சா வழி கேட்டு வீடு வந்துருவான். சைக்கிள் வருமா?" என்றான் அவன். வீடே சிரித்தது. மதீனா பீவிகூடச் சிரித்தாள். இந்த ஒரு பேச்சை நினைத்துப் பின்னால் சஃபீனா எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

இன்று காலையும் எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. புள்ளி மங்கல்தாயி கடையில் நின்றது, மேட்டில் ஏறியது, காட்டுக்குள் இறங்கியதும் நின்றுவிட்டது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் டவர் கிடையாது. சைக்கிள் உள்ளே போனதும் புள்ளி தூங்கிவிடும், வெளியே வந்ததும் முழித்துக்கொள்ளும். இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாகவே தூங்கியது. ஆற்றில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு, வராண்டா டிரம்மில் அவன் குளிக்கத் தண்ணீர் எடுத்துவைத்தாள், துணி துவைத்தாள். அப்புறம் பார்த்தால் புள்ளி முழித்திருந்தது. முழித்தது மட்டுமில்லை, மேட்டில் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது. சாதாரணமாக அந்த மேட்டில் புள்ளி எறும்பு மாதிரி ஊரும். இன்று அவள் ஒரு சட்டையைப் பிழிந்து கொடியில் போடுவதற்குள் உச்சிக்கு வந்துவிட்டது.

சஃபீனாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தன்னை அண்ணி என்ற அர்த்தத்தில் பாபி என்று கூப்பிடும் ஷ்ருதிக்குக் குரல் செய்தி அனுப்பினாள். "பாபி பேசுறேன். ஒங்க ஆளு இன்னிக்கு மேட்ட முழுங்கிட்டாரு போங்க!" ஷ்ருதி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினாள். வழக்கமாக மாலை அஸர் பாங்குக்குத்தான் வீடு வந்து சேர்வான். இந்த வேகத்தில் வந்தால் லுஹருக்கே வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டு, சாயங்காலத்துக்கு என்று வைத்திருந்த சீரகச்சம்பா அரிசியை அப்போதே கழுவி ஊறப்போட்டாள். முர்பாட், கல்யாண், தானே, முலுண்டு என்று ஒவ்வொரு இடமாக மாமிக்கு நேர்முக வர்ணனை வேறு.

பூலோகத்தின் பங்கார் கோடவுன் பழைய சாமான் கிடங்கு. அதன் வாசலில் டெம்போ ஒன்று நின்றது. உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகளையும் பழைய தண்ணீர்த் தொட்டிகளையும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆலங்குளத்துக்காரரான பூலோகம் தராசுக்குப் பக்கத்தில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். இறக்கிய குவியலின் மேலே ஆரஞ்சு நிறத் தோல் பை ஒன்று தெரிந்தது. சஃபீனா தன் கையால் நூல் கோத்துக் கொடுத்து, இஜாஸ் தைத்த பை. பைக்குக் கீழே சீட்டு, சீட்டுக்குக் கீழே சைக்கிள்.

முன்சக்கரம் கடித்துப் போட்ட முறுக்கு மாதிரி வளைந்து கிடந்தது.

அப்போதும் அவளுக்கு விளங்கவில்லை. எங்கேயோ இடித்துவிட்டு, சக்கரத்தை மாற்றிக்கொள்ள இங்கே கொண்டுவந்திருக்கிறான் என்றுதான் அவள் புத்தி போனது. கோடவுனுக்குள் எட்டிப் பார்த்தாள். டீக்கடை பெஞ்சைப் பார்த்தாள். டெம்போவுக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தாள்.

"மச்சான் எங்க அண்ணாச்சி?"

"எந்த மச்சான் தாயி?" என்றார் பூலோகம்.

"எங்க மச்சான். சைக்கிள் இங்க கெடக்குல்ல."

பூலோகம் சைக்கிளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் சஃபீனா சைக்கிள் பக்கம் போனாள். குனிந்து கைப்பிடியைத் தொட்டாள். வெள்ளை நாடா சுற்றிய கைப்பிடியில் ஒரு பக்கம் காய்ந்த கறை, காப்பிப்பொடி நிறத்தில். நகத்தால் சுரண்டினாள். அது சேறில்லை.

இஜாஸின் நம்பருக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் மராத்தியில் சொன்னாள். மறுபடி அடித்தாள். அதே பெண், அதே குரல்.

"ஏலே மகேசு!" என்று பூலோகம் கத்தியதில் தெருவே திரும்பியது. டெம்போவின் மறுபக்கத்திலிருந்து டிரைவர் மகேஷ்குமார் வந்தான். மாட்டுங்கா லேபர் கேம்ப் பையன்தான், பூலோகத்துக்குத் தூரத்துச் சொந்தம். கல்யாணமாகி இப்போதுதான் ஒரு வருஷம். காட்டுக்குள் இடித்த ரிசார்ட் ஒன்றின் பழைய சாமான்களை ஏற்றிவர நேற்று ராத்திரி போனவன்.

"இது எங்கலே கெடச்சுது?"

"கல்யாண்ல அண்ணாச்சி. ஸ்டேசன் பக்கத்துல ஒருத்தன் வித்தான். பங்கார் ரேட்டுதான்." பார்வை தரையில் இருந்தது.

சஃபீனா போனை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். புள்ளி வந்த வழியெல்லாம் அதில் பச்சைக் கோடாக விழுந்திருந்தது. தையல்காரன் பெண்டாட்டி, கோட்டைப் பார்த்தால் எங்கே நின்றது, எங்கே ஓடியது என்று சொல்லிவிடுவாள்.

"கல்யாண்ல நிக்கவே இல்லயே? பாருங்க. முர்பாட்லயும் நிக்கல. அந்த மேட்டுல இருந்து ஒரே ஓட்டமா ஓடி வந்திருக்கு. இந்த மேட்டுல ஏறும்போதே வண்டிலதான் ஏறியிருக்கு, இவ்வளவு வேகத்துல எந்த மனுசனாலயும் மிதிச்சு..."

அங்கேயே அவள் வாய் நின்றுபோனது.

மிதித்து ஏற முடியாது. அவளுக்குத் தெரியும். புள்ளி அந்த மேட்டில் ஊர்கிற ஊரலை இரண்டு வருஷமாகக் கண்ணால் பார்த்திருக்கிறாள். இன்று காலையும் பார்த்தாள். பார்த்துவிட்டு அரிசி ஊறப்போட்டாள். ஷ்ருதியிடம் பீற்றிக்கொண்டாள். புள்ளி முலுண்டு வந்துவிட்டது என்று மாமியிடம் சொல்லிச் சிரித்தாள். அவ்வளவு நேரமும் அந்தப் புள்ளிக்கு மேலே இஜாஸ் இல்லை. ஆள் இல்லாத சைக்கிள் வீடு வந்து சேர்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டு அடுப்பில் நெய்யை ஊற்றியிருக்கிறாள்.

பூலோகம் என்னவோ சொன்னார், உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. தராசுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மகேசு தம்பி" என்றாள். "சைக்கிள எடுத்ததுக்கு ஒன்ன யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க. போலீசு கீலீசு ஒண்ணும் வராது. எங்க எடுத்தேன்னு மட்டும் நெசத்தச் சொல்லிரு. நீ சொன்னாத்தான் அவரு எங்கன்னு தெரியும். இந்தப் புள்ளிக்கு அது தெரியாது. அங்க அது தூங்கிருச்சு."

மகேஷுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அவன் தூக்கிவந்தது யாரோ போட்டுவிட்டுப் போன சாமானை இல்லை என்பது.

"காட்டுக்குள்ள அக்கா. ஆத்த ஒட்டி ரோடு எறங்கும்ல, சின்னப் பாலத்துக்கு முந்துன வளைவு. மழைல தாரு அரிச்சுப் போயி ஜல்லியா கெடந்துச்சு. ஓரத்துக் கல்லுச் சுவருல சாஞ்சு கெடந்துச்சு சைக்கிளு. ஆளே இல்லக்கா, சத்தியமா ஆளே இல்ல. ஹார்ன் அடிச்சேன். ரெண்டு மூணு தடவ நல்லா நீட்டி அடிச்சேன். யாரும் வரல. ஒடஞ்சுபோச்சுன்னு வீசிட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சு..."

"சுவருக்கு அந்தாண்ட பாத்தியாலே?" என்றார் பூலோகம்.

"பாக்கல அண்ணாச்சி."

பூலோகத்தின் கை ஓங்கியது. அடிக்கவில்லை. ஓங்கிய கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

சஃபீனா ஷ்ருதிக்கு அடித்தாள். நடந்ததைக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. சைக்கிள் வந்திருச்சு, அவரு வரல, சைக்கிள் வந்திருச்சு, அவரு வரல என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். அப்புறம் ஷ்ருதி, "பாபி, காலைல நீங்க அனுப்புனதுக்கு நான் தம்ஸ்-அப் போட்டேனே" என்றாள். "எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அந்த மேட்ட நானே ஒரு தடவ ஏறியிருக்கேன்." உடனே சுதாரித்துக்கொண்டாள். "மங்கல்தாயி நம்பர் இருக்கு. அங்கருந்து ஆள் அனுப்பச் சொல்றேன். வளைவு எதுன்னு அவங்ககிட்ட சொல்ல அந்த டிரைவர்ட்ட போனக் குடுங்க. இன்னிக்கு நான் சைக்கிள் எடுக்கல, வீட்டுலதான் இருக்கேன், இப்பவே கார எடுக்கறேன்."

மகேஷ் போனை வாங்கி, ஷ்ருதி லைனில் சேர்த்த மங்கல்தாயியிடம் மராத்தியில் அடையாளம் சொன்னான். பாலம், அரித்துப்போன தார், இடிந்த சுவர், பக்கத்தில் மூங்கில் புதர். சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை அழுதான்.

ஷ்ருதியின் கார் செம்பூரிலிருந்து நேராகக் கிளம்பட்டும், நாம் இதிலேயே போவோம் என்று பூலோகம் டெம்போவில் பாதிச் சாமானை அப்படியே விட்டுக் கதவைச் சாத்தினார். மாமிக்குப் போன் செய்யச் சஃபீனாவால் முடியவில்லை. அதையும் அவரே செய்தார். "ஒண்ணுமில்ல மதீனாம்மா, சின்ன அடி, கூட்டிட்டு வந்துர்றோம்" என்று அவர் சொன்னதை, அது நிஜமாக இருக்கக் கூடாதா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

முன்சீட்டில் மூன்று பேர். சைக்கிளைத் தூக்கிவந்த அதே வண்டி, தூக்கிவந்தவனே டிரைவர், அதே வழி. முலுண்டு வந்தது, தானே வந்தது. ஒவ்வொரு ஊராகக் காலையில் தான் சத்தம் போட்டுச் சொன்னது காதில் கேட்டது. பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தவனை அறைய வேண்டும் போலிருந்தது. அதைவிட அதிகமாகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. மகேஷ் ஒரு தடவை, "அக்கா, நான் மட்டும் எறங்கிப் பாத்திருந்தா..." என்று ஆரம்பித்தான்.

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள்.

கல்யாண் தாண்டும்போது ஷ்ருதி அழைத்தாள். மங்கல்தாயியின் புருஷனும் ஊர் ஆட்கள் நாலு பேரும் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்திருக்கிறார்கள். வளைவு கிடைத்துவிட்டது. ஆள் கிடைக்கவில்லை. மழைக்கு வளர்ந்த புல் ஆள் உயரம் நிற்கிறதாம், கூப்பிட்டுப் பார்த்தார்களாம், பதில் இல்லையாம். ஒருவன் மேட்டுக்கு வந்து டவர் பிடித்து இதைச் சொல்லிவிட்டு மறுபடி இறங்கிப் போயிருக்கிறான்.

அப்புறம் போன் அடிக்கவே இல்லை. வயல்கள் வந்தன. தூரத்தில் மலைகள் தெரிய ஆரம்பித்தன, நீலமாக, தலையில் மேகத்தோடு. அந்த மலைகளைச் சஃபீனா இதுவரை பார்த்ததில்லை. போனில் புள்ளிக்கு அடியில் தெரிகிற பச்சை நிறமாகத்தான் அவளுக்குத் தெரியும். எவ்வளவு பெரிய மலை என்பது இன்றுதான் தெரிந்தது. இதற்குள் ஒரு மனிதனை எங்கே போய்த் தேடுவது? யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. பூலோகம் பக்கத்தில் சத்தமில்லாமல் தன் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முர்பாட் நெருங்கும்போது போன் அடித்தது. எடுக்கச் சஃபீனாவுக்குக் கை வரவில்லை. மடியில் கிடந்து அதிர்ந்த போனைப் பூலோகம் எடுத்துக் காதில் வைத்தார்.

"உயிரோட இருக்காராம் தாயி" என்றார். போனை அவள் காதில் வைத்துவிட்டார். ஷ்ருதி அழுதுகொண்டே சொன்னாள். சுவரைத் தாண்டிச் சரிவில் உருண்டு, மூங்கில் புதரில் தட்டி நின்றிருக்கிறான். அந்தப் புதர் இல்லையென்றால் ஆற்றுக்குள் போயிருப்பான். தொடை எலும்பு முறிந்திருக்கிறது, கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது, அதனால்தான் பதில் கொடுக்க முடியவில்லை. புல் அசைந்ததைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மரக்கட்டிலில் கட்டித் தூக்கி, முர்பாட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாயிற்று.

வண்டி நின்றதும் இறங்கி ஓடியவளுக்குச் செருப்பு ஒன்று கழன்றது தெரியவில்லை.

இஜாஸ் கட்டிலில் கிடந்தான். கால் பலகை வைத்துக் கட்டியிருந்தது. முகமெல்லாம் கீறல், உதடு வெடித்திருந்தது, தலைமுடியில் மூங்கில் சருகு. கையில் சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் சிரித்தான். அந்த நிலைமையிலும் ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவன் சிரிப்பு.

"வந்துட்டியா? நீ வருவேன்னு எனக்குத் தெரியும்" என்றான். குரல் காற்றாக வந்தது. அவள் காதைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருந்தது.

"பேசாதீங்க மச்சான்."

"கேளு. கீழ கெடக்கேன், அசைய முடியல. மேல ஒரு வண்டி நின்னுச்சு. உசுர் வந்துச்சு எனக்கு. கத்துறேன், அந்த நேரம் பாத்து ஹார்ன் அடிக்கான். நான் கத்துறப்பல்லாம் ஹார்ன். அவன் நிறுத்துறதுக்குள்ள எனக்கு மூச்சு போச்சு. சைக்கிளத் தூக்குற சத்தம் கேக்குது, கதவச் சாத்துறான், போயிட்டான்."

வாசலில் நிழல் ஒன்று அசைந்தது. பூலோகத்துக்குப் பின்னால் மகேஷ் நின்றிருந்தான். சுவரில் நெற்றியை வைத்துத் திரும்பிக்கொண்டான். இஜாஸுக்கு அவனைத் தெரியவில்லை, பார்க்கவும் இல்லை.

"மொதல்ல அழுதேன். அப்புறந்தான் சட்டுனு நெனப்பு வந்துச்சு. சீட்டுக்குள்ள கருவி இருக்குல்ல! சைக்கிள் போகட்டும், நல்லதாப் போச்சுன்னு சொல்லிக்கிட்டேன். மேட்டுல ஏறுனதும் புள்ளி முழிச்சுக்கும். வண்டி வேகத்துல போகும். எம் பொண்டாட்டி கண்ணு போன விட்டு எடுக்கவே எடுக்காது, அவ பாத்த ஒடனே இது மச்சான் இல்லன்னு கண்டுபிடிச்சிருவா. ஷ்ருதிக்குப் போன் போட்டுருவா. அப்படியே நெனச்சுக்கிட்டே கெடந்தேன். இந்நேரம் பாத்திருப்பா, இந்நேரம் கத்தியிருப்பா, இந்நேரம் கெளம்பியிருப்பான்னு. கண்ணு சொருகும்போதெல்லாம் அதச் சொல்லித்தான் முழிச்சுக்கிட்டேன். கொஞ்சம்கூட பயமே இல்ல சஃபீனா."

அவன் கை அவள் கையைத் தேடிப் பிடித்தது. "எங்க வச்சுப் பாத்த? மேட்டுலயேவா, முர்பாட்லயா?"

மேட்டில் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்துபோகும். அவன் அந்தச் சந்தோஷத்தோடு தூங்கிவிடுவான். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வாசலில் சுவரைப் பார்த்து நின்றவனின் முதுகு குலுங்குவது தெரிந்தது. நெசத்தச் சொல்லிரு தம்பி என்று அவனைக் கேட்ட வாய் இது.

"மேட்டுலயே பாத்தேன் மச்சான்" என்றாள். "பாத்துட்டு, நீங்க வேகமா வர்றீங்கன்னு நெனச்சேன். இன்னிக்கு மேட்ட முழுங்கிட்டாருன்னு ஷ்ருதிட்ட பெருமையடிச்சேன். நீங்க சீக்கிரம் வந்துருவீங்கன்னு நெய்ச்சோறு போட்டேன். புள்ளி பூலோகம் அண்ணாச்சி கோடவுனுக்கு வந்துச்சு, அங்க போயி சைக்கிளப் பாத்துத்தான் தெரியும்."

இஜாஸ் அவளையே பார்த்தான். புரியாத மாதிரி முதலில் கண்ணைச் சுருக்கினான். அப்புறம் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"அப்ப... அவ்வளவு நேரமும்?"

"ஆமா மச்சான்."

"அங்க நான் கெடந்தப்ப, யாருமே தேடலயா?"

"யாருமே தேடல" என்றாள் சஃபீனா. சொல்லும்போதே உடைந்து அழுதாள். "எங்க யாருக்குமே தெரியாது."

அவன் கோபப்படவில்லை. மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அவள் பிடித்திருந்த கை முதலில் லேசாக ஆடியது. பிறகு தோள் ஆடியது, பல் கிட்டியது, கட்டிலே கடகடவென்று ஆட ஆரம்பித்தது. புல்லுக்குள் தனியாகக் கிடந்தபோது வராத பயம், கட்டிலில், வெளிச்சத்தில், பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது இப்போது வந்து அவனைப் பிடித்துக்கொண்டது. சஃபீனா அவன் நெஞ்சின்மேல் தன் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினாள். நடுக்கம் அவள் கைக்கும் ஏறியது.

நர்ஸ் வந்து பார்த்தாள். குளிர்கிறதா என்று இந்தியில் கேட்டுவிட்டு, ஒரு கம்பளியைக் கொண்டுவந்து இஜாஸுக்குக் கழுத்துவரை போர்த்தினாள். அது குளிரில்லை; சஃபீனா கம்பளிக்கு மேலேயே கைகளை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.